கை படாத கைகாட்டி

எங்கள் வீட்டுக் குடிலில் குழந்தை இயேசு பிறப்பதற்கு முன்பே ரயில் வந்துவிட்டது. "பெத்லகேம்ல ஏது ஸ்டேஷன், ரோசா?" என்று கேட்காத ஆள் எங்கள் தெருவில் இல்லை. "ஏரோது ராசா போட்டுக் குடுத்தாரு, உங்களுக்குத் தெரியாதா?" என்று சொல்லி அனுப்பினேன். வேறென்ன சொல்ல? கட்டியவரிடம் அனுப்பினால் அவர் பேட்டரி, கம்பி, காந்தம் என்று ஆரம்பித்துவிடுவார். கேட்டவர் அன்றைக்கு வீடு போய்ச் சேர முடியாது.

கட்டியவர் என் வீட்டுக்காரர். அவர் பெயரை எழுதலாம், வாயால் சொல்வதில்லை: தனிஸ்லாஸ். பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு கடையில் மோட்டார் பேட்டரிகளுக்குச் சார்ஜ் ஏற்றும் வேலை. அதற்கு முன்னால் ரயிலில் இருந்தார். அந்தக் கதையைச் சொன்னால்தான் இந்தக் கதை புரியும்.

ரயிலில் இவர் எஞ்சின் துடைக்கும் ஆளாகச் சேர்ந்தவர். கரி அள்ளிப் போடும் ஃபயர்மேனுக்குக் காய்ச்சல் வந்ததால் கொஞ்ச நாள் இவரை அந்த இடத்தில் ஏற்றினார்கள். டிரைவர் கோவிந்தராசு அண்ணன். எங்கள் பேட்டையான சாரத்தில் எங்களுக்கு அடுத்த தெரு. எங்கள் கல்யாணத்தில் பந்தல் கட்டியதிலிருந்து பந்தி விசாரித்தது வரைக்கும் அவர்தான்.

எஞ்சினில் ஒரு வழக்கம் உண்டு. சில வளைவுகளில் டிரைவர் நிற்கும் பக்கத்திலிருந்து கைகாட்டி தெரியாது. ஃபயர்மேன் பக்கம்தான் தெரியும். அப்போது டிரைவர், "சிக்னல் என்னா?" என்று கத்துவார். ஃபயர்மேன் தலையை நீட்டிப் பார்த்து நிறத்தைச் சொல்வார். அதை டிரைவர் ஒருமுறை திருப்பிச் சொல்வார். பகலில் கை தூக்கியிருக்கிறதா, தாழ்ந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும். வெளிச்சம் இல்லாத நேரத்தில் விளக்கின் நிறம்தான் பேச்சு.

மார்கழிப் பனியில் ஒரு விடியற்காலை, ஊருக்கு வெளியே ஒரு வளைவில் கோவிந்தராசு அண்ணன் கேட்டார். இவர் "பச்சை" என்றார். அவரும் "பச்சை" என்று திருப்பிச் சொன்னார். வளைவு திரும்பினால் எதிரே சரக்கு வண்டி நிற்கிறது. உயிர்ச்சேதம் இல்லை, மாதாவுக்கு நன்றி. எஞ்சின் மூக்கு நசுங்கியது. மல்லாட்டை மூட்டைகள் பிரிந்து கடலை சிதறியதில் அந்தப் பக்கத்துக் காக்கைகளுக்குக் கொண்டாட்டம்.

விசாரணை வைத்தார்கள். கைகாட்டி இழுக்கும் ஆள், "சிவப்புதான் இருந்தது" என்று சத்தியம் செய்தான். ஃபயர்மேன் தூங்கிவிட்டு வாய்க்கு வந்ததைச் சொன்னான் என்று எழுதி இவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். கோவிந்தராசு அண்ணனை எஞ்சினிலிருந்து இறக்கி, யார்டில் கொடி காட்டும் வேலைக்குப் போட்டார்கள். அன்றோடு அவர் எங்களோடு பேச்சை நிறுத்தினார். எதிரே வந்தால் தெருவின் அந்த ஓரத்துக்குப் போய்விடுவார்.

இவர் சொன்னது ஒரே வாக்கியம். "நான் முழிச்சிக்கிட்டுத்தான் இருந்தேன், பச்சையைத்தான் பார்த்தேன்." என்னிடமும் அதையே சொன்னார், பங்குச் சாமியாரிடமும் அதையே சொன்னார். என் வீட்டுக்காரர் பொய் பேசுகிறவர் இல்லை. அவரிடம் ஒரு ரகசியத்தைக் கொடுத்தால் முகத்திலேயே எழுதி ஒட்டிக்கொண்டு திரிவார். ஆனால் அந்தக் கைகாட்டி இழுக்கிறவனும் பிள்ளைகுட்டிக்காரன், கண்ணீர் விட்டுச் சத்தியம் செய்தவன். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை என்றால் அன்றைக்கு அங்கே எரிந்ததுதான் என்ன? இந்தக் கேள்வி பல்லில் சிக்கிய நார் மாதிரி என்னிடம் கிடந்தது.

அடுத்த வருஷம் பிரெஞ்சுக்கார முசே ஒருவர் குடும்பத்தோடு தன் நாட்டுக்குக் கப்பலேறினார். வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டார்கள். ஒரு கட்டில் எடுத்து வாருங்கள் என்று இவரை அனுப்பினேன். கட்டிலை ஏன் கேட்கிறீர்கள்? ஒரு மரப்பெட்டியோடு வந்தார். உள்ளே தகரத் தண்டவாளங்கள், கையளவில் இரண்டு மின்சார எஞ்சின்கள், அவற்றுக்குப் பெட்டிகள். நான் அன்றைக்குப் பேசிய பேச்சை இங்கே எழுத மாட்டேன்.

"ரோசா, இதுல ஆள் கை படாத கைகாட்டி பண்ணப் போறேன்" என்றார். "யாரும் கம்பி இழுக்க வேணாம், யாரும் சத்தியம் பண்ண வேணாம். முன்னால வண்டி நின்னா தன்னால சிவப்பு உழும். பின்னால வர்ற வண்டி தன்னால நிக்கும். கோவிந்தராசு அண்ணன் ஒருதபா பார்த்தா போதும். அன்னிக்கு கைகாட்டிக்காரன் மேலதான் தப்புன்னு அவருக்கு வெளங்கிடும்."

அவரை வேறு யாரும் நம்ப வேண்டாம். ரயில் கம்பெனிகூட வேண்டாம். அந்த ஒரு மனுஷன் நம்ப வேண்டும்.

கட்டிலுக்காக ஏங்கிய நான் எப்படி இந்த ரயிலில் விழுந்தேன் என்று கேட்டால், அவர் விளக்கிய விதம்தான் காரணம். எஞ்சினுக்கு மின்சாரம் நடுவில் ஓடும் மூன்றாவது தண்டவாளத்திலிருந்து வருகிறது. அது அதன் வேலை. ஓரத்துத் தண்டவாளங்கள் இரண்டையும் இவர் மெழுகுக் காகிதம் வைத்துத் தனித்தனியாகப் பிரித்தார். வண்டி ஏறியதும் அதன் இரும்புச் சக்கரமும் அச்சும் இரண்டையும் சேர்த்துவிடும். அழைப்பு மணியிலிருந்து கழற்றிய காந்தம் உடனே 'டக்'கென்று ஒரு தகட்டை இழுக்கும். இழுத்தால் பின்னாலிருக்கும் கைகாட்டியில் சிவப்பு விளக்கு எரியும், அதன் முன்னால் ஒரு முழப் பாதைக்கு மின்சாரம் நின்றுவிடும். அந்த முழத்துக்குள் வரும் வண்டி தானாக நிற்கும். முன்வண்டி நகர்ந்ததும் தகடு விடும், பச்சை எரியும், நின்றது கிளம்பும். வண்டி தன் இருப்பைத் தானே சொல்லிக்கொண்டு போகிறது. இதைக் கேட்டபிறகு எனக்கு அடுப்பங்கரையில் கால் தரிக்கவில்லை. குழம்பு அடிபிடித்த வாசனை வந்தால் தெருவே, "கைகாட்டி விழுந்துருச்சி போல" என்று சிரித்தது.

கம்பிகளைச் சுற்றி நூல் உறை இருக்கும், சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று. இவரோ ஒவ்வொரு கம்பியின் நுனியிலும் நூலால் முடிச்சுப் போட்டு வைப்பார். மின்சாரம் போகிற கம்பிக்கு ஒரு முடிச்சு, வருகிற கம்பிக்கு இரண்டு. "நெறந்தான் இருக்குதே, எதுக்கு இந்த முடிச்சு?" என்றால், "கைக்குப் பழக்கம்" என்பார். இந்த மனுஷனுக்கு வேலையை இழுத்துக்கொள்வதில் ஒரு ருசி என்று விட்டுவிட்டேன்.

குடில் என் பொறுப்பு. கடற்கரையிலிருந்து மணல் அள்ளி வந்து பரப்பினேன். கேழ்வரகை ஊறவைத்துத் தூவி, திருநாளுக்குள் புல்லாக முளைக்கும்படி காலையில் தண்ணீர் தெளித்தேன். மறுநாளிலிருந்து கைகாட்டி சிவப்பிலேயே நின்றுவிட்டது. பாதையில் வண்டியே இல்லை, ஆனாலும் சிவப்பு. இவர் காந்தத்தைப் பிரித்தார், பேட்டரியை மாற்றினார், தலையைச் சொறிந்தார். எனக்கு ஒன்று கண்ணில் பட்டது. காலையில்தான் இந்தக் கோளாறு, வெயில் ஏறினால் சரியாகிவிடுகிறது. மணலைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு. ஈரமான உப்பு மணல் இரண்டு தண்டவாளத்தையும் சேர்த்துவிட்டு, வண்டி நிற்கிறது என்று காந்தத்தை ஏமாற்றியிருக்கிறது!

ஆற்று மணலாக மாற்றினோம், தண்ணீரைப் பாதைக்கு எட்டித் தெளித்தேன், சரியாகிவிட்டது. இவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். "நீ ரயில்ல இருந்திருக்கணும் ரோசா" என்றார். "பார்த்தியா, சந்தேகம்னா அது சிவப்புத்தான் காட்டுது. மனுசன்தான் சந்தேகத்துலயும் பச்சைம்பான்." யாரை நினைத்துச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். அந்தக் கைகாட்டிக்காரனை.

திருநாளுக்கு முந்தின நாள் மதியம், வழக்கம்போல அதிரசமும் முறுக்கும் தட்டில் வைத்து கோவிந்தராசு அண்ணன் வீட்டுக்கு எடுத்துப் போனேன். ஆம்பிளைகள் சண்டைக்கு அதிரசம் என்ன பாவம் செய்தது? அவர் மனைவி கமலவேணி அக்காவுக்கும் அதே எண்ணம்தான். "நாளைக்குச் சாயங்காலம் டூட்டி முடிஞ்சி வரட்டும், இழுத்துக்கினு வர்றேன்" என்றார். உள்ளே அண்ணனின் இருமல் சத்தம் கேட்டது. வரமாட்டேன் என்று சொல்லவில்லை, அதுவே எனக்குப் பெரிசாக இருந்தது.

ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தேன். நான் இல்லாதபோது இவர் இரண்டாவது கைகாட்டியை முடித்து வைத்திருந்தார். பட்டாணி அளவு பல்புகள் இரண்டு ஒட்டினாற்போல, அவற்றின் முன்னால் என் வளையல் பெட்டியில் உடைந்து கிடந்த கண்ணாடி வளையல் துண்டுகள், சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று. முதல் கைகாட்டிக்கு நான்தான் துண்டுகளை எடுத்துக் கொடுத்தேன். இதை அவரே செய்திருந்தார்.

வண்டிகளை விட்டார். முதல் வண்டி குடிலின் மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால் போய் நின்றது. இரண்டாவது வண்டி வந்து, புதுக் கைகாட்டிக்கு ஒரு முழம் முன்னால் தானாக நின்றது. கைகாட்டியில் பச்சை எரிந்துகொண்டிருந்தது.

"என்னாங்க, வண்டி நிக்குது, பச்சை எரியுதே?"

"எங்க? சிவப்புத்தான் எரியுது."

"வெளையாடாதீங்க. கம்பி மாறிப்போச்சி."

உடனே கீழே குனிந்து முடிச்சுகளைத் தடவிப் பார்த்தார். போகிற கம்பி, வருகிற கம்பி, எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. தகடு சரியாக இழுக்கிறது. வண்டி சரியான இடத்தில் நிற்கிறது. கணக்கில் ஒரு பிசகும் இல்லை, விளக்கு மட்டும் தப்பு. இவரோ விளக்கும் சரி என்கிறார். என்னைச் சீண்டுகிறார் என்று நினைத்து முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தில் ஒரு விளையாட்டும் இல்லை.

வளையல் பெட்டியை எடுத்துத் துண்டுகளைப் பாயில் கொட்டினேன். "சிவப்பெல்லாம் பொறுக்கிக் குடுங்க" என்றேன். யோசிக்காமல், தயங்காமல், சட்சட்டென்று பொறுக்கிக் கொடுத்தார். என் உள்ளங்கையில் சிவப்பும் பச்சையும் கலந்து கிடந்தன.

அவர் தயங்கியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. பழுத்த தக்காளி என்று காய் வாங்கி வந்து என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட நாட்கள் நினைவுக்கு வந்தன. செம்பருத்திச் செடி நிறையப் பூத்திருக்கும்போது, "இன்னிக்கி பூவே இல்லியே" என்று வெறுங்கையோடு வந்த நாட்கள். கண்ணை எங்கே வைத்துக்கொண்டு போகிறீர்கள் என்று நான் கேட்காத நாள் உண்டா? கம்பிக்கு முடிச்சு எதற்கு என்பதும் அப்போதுதான் உறைத்தது. அவர் கண்ணுக்கு நிறம் இல்லை என்று அவர் கைக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. கைக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியவில்லை.

மறைத்து வைக்க என்னால் முடியாது, சொல்லிவிட்டேன். "உங்களுக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்ணாத்தான் தெரியுது."

துண்டுகளை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். வெயிலில் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பக்கத்து வீட்டு ஞானமேரியைக் கூப்பிட்டு, "இது என்னா நெறம்? இது?" என்று கேட்டார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாள். இவர் வெகுநேரம் அங்கேயே நின்றார். உள்ளே வந்தபோது குரல் இறங்கியிருந்தது.

"அப்போ அன்னிக்கு..."

"சிவப்பாத்தான் இருந்திருக்கும்."

குடிலுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். என் பல்லில் சிக்கியிருந்த நார் எடுபட்டுவிட்டது. இவரும் பொய் சொல்லவில்லை, அந்த மனுஷனும் பொய் சொல்லவில்லை. எனக்கு அழுகையும் வந்தது, ஒரு நிம்மதியும் வந்தது. இவருக்கு நிம்மதி எங்கே? கைகாட்டிக்காரன் மேல் பாரத்தைப் போட்டுத்தான் இதுவரை நிமிர்ந்து நடந்தார். இப்போது அந்தப் பாரம் முழுக்க இவர் தோளுக்கு வந்துவிட்டது.

"கோவிந்தராசு அண்ணனை வரவேணாம்னு சொல்லிடு" என்றார். "என்னா மூஞ்சியோட காட்டுவேன் இதை?"

"நான் சொல்ல மாட்டேன். அதிரசம் சாப்ட்டுட்டாங்க."

விளக்கின் கண்ணாடியை மாற்றி வைக்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார். "அது இருக்கட்டும் ரோசா. நான் வச்சது அப்படியே இருக்கட்டும்."

மறுநாள் சாயங்காலம் வீடு நிறைய ஜனம் வந்து குடிலைப் பார்த்துவிட்டுப் போனபின், கமலவேணி அக்கா வந்தார். பின்னால் கோவிந்தராசு அண்ணன். யார்டிலிருந்து நேராக வந்திருந்தார். அக்குளில் சுருட்டிய கொடிகள் இரண்டும் இருந்தன. நிலைப்படிக்கு உள்ளே வரவில்லை. என்னைப் பார்த்து, "திருநாள் நல்லா நடந்துச்சா தங்கச்சி?" என்றார். இவர் பக்கம் திரும்பவே இல்லை.

ஆனால் ரயில்காரனுடைய கண் ரயிலைப் பார்க்காமல் இருக்குமா? வண்டி வளைவில் வந்து தானாக நின்றது. அவர் கழுத்து நீண்டது. மறுபடி கிளம்பியது. ஒரு கால் உள்ளே வந்தது. "யாரு நிறுத்துனது?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். யாரும் நிறுத்தவில்லை என்று நான் சொன்னேன். இன்னொரு காலும் உள்ளே வந்தது. குந்தி உட்கார்ந்து, வண்டி எங்கே நிற்கிறது, எப்போது கிளம்புகிறது என்று தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். காந்தம் 'டக்'கென்ற இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு இரண்டாவது கைகாட்டியைக் காட்டினார்.

"இது என்னா கூத்து? பச்சையில நிக்குது?"

இவர் எழுந்து நின்றார். "அண்ணே, எனக்கு அது சிவப்பு."

"என்னாது?"

"எனக்கு நெறம் தெரியல அண்ணே. நேத்துதான் தெரிஞ்சிது. அன்னிக்கு நான் தூங்கல. ஆனா தப்பு என்னுதுதான்."

கோவிந்தராசு அண்ணன் எழுந்தார். முகம் கறுத்துவிட்டது. அடித்துவிடுவாரோ என்று நான் நடுவில் போகப் பார்த்தேன். அவர் கொடிகளைப் பிரித்து, இரண்டு கையிலும் பிடித்து நீட்டினார். "சொல்லு. எது சிவப்பு?"

"வலது கையில இருக்கிறது."

சரியாகச் சொல்லிவிட்டார்! எனக்கே தூக்கிவாரிப்போட்டது. கோவிந்தராசு அண்ணன் உதட்டைப் பிதுக்கினார். பிறகு என்ன தோன்றியதோ, கொடிகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் மாற்றிப் பிடித்து மறுபடி நீட்டினார்.

"இப்போ?"

"வலது கையில இருக்கிறது" என்றார் இவர். அந்தக் கையில் கரிப்புகை ஏறிய பச்சைக் கொடி தொங்கியது. "எப்பவும் வலது கையிலதானே அண்ணே சிவப்பைப் புடிப்பாங்க?"

கமலவேணி அக்கா வாயில் கையை வைத்துக்கொண்டார். கோவிந்தராசு அண்ணன் இரண்டு கொடிகளையும் மெல்லத் தாழ்த்தினார்.

"எனக்கு எஞ்சின் போச்சி" என்றார். "அது இனிமே வராது. நான் அதுக்காகப் பேசாம இருக்கல. என் பக்கத்துல நின்னுக்கினு, என் உசுரையும் கையில வச்சிக்கினு நீ தூங்கிட்டியேன்னுதான்டா."

"தூங்கல அண்ணே."

"தெரியுது." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இப்பத் தெரியுது."

பிறகு அவர் பாட்டுக்குப் போய் வளைவுக்கு இந்தப் பக்கம் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அந்த இடத்திலிருந்து முதல் கைகாட்டி தெரியாது, மாட்டுத் தொழுவம் மறைக்கும். எதிர்ப் பக்கத்தைக் கண்ணால் காட்டினார். இவர் அங்கே போய் உட்கார்ந்தார். ஒரு வண்டி முன்னால் போய் நின்றுகொண்டது; காந்தம் 'டக்'கென்றது. இன்னொரு வண்டி வளைவை நோக்கி வந்தது.

"சிக்னல் என்னா?" என்று கோவிந்தராசு அண்ணன் கத்தினார். சின்ன அறைக்கு அது பெரிய குரல்.

இவர் கைகாட்டியைப் பார்த்தார். எட்டிப் பார்த்தார், கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். வண்டி நெருங்கிவிட்டது.

"தெரியல அண்ணே" என்றார்.

வண்டி கைகாட்டிக்கு ஒரு முழம் முன்னால் தானாக நின்றது.

கோவிந்தராசு அண்ணன் எழுந்து, தொழுவத்துக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்தார். "சிவப்புடா" என்றார்.

"சிவப்பு" என்று இவர் திருப்பிச் சொன்னார்.